மல்லாட்டையைத் தேடுகிறவர் என்ன எழுதுவார்?

சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் சுமார் 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேகம் குறைக்கின்றன. கும்பகோணம், தஞ்சாவூர் போகும் சாலை பிரிவதும் இந்த ஊரில்தான். திருச்சிக்கா, கும்பகோணத்துக்கா என்று வழி பிரிகிற இடத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் போனை எடுப்பார். ஒருவர் சைவ ஹோட்டல் தேடுவார், இன்னொருவர் பஞ்சர் கடை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவருக்குப் பக்கத்தில் தங்க ரூம் வேண்டும். திரும்பி வரும்போது செக்கு எண்ணெய் வாங்கிப்போகலாமே என்று நினைப்பவரும் உண்டு. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று சொல்லைத் தட்டுகிறார்கள், அல்லது போனிடம் வாயால் கேட்கிறார்கள். சாலையோரம் கடை வைத்திருப்பவரின் அன்றைய வியாபாரத்தில் ஒரு பகுதியை அந்த இரண்டு மூன்று சொற்கள் தீர்மானிக்கின்றன.

அந்தச் சொற்களுக்குத் தமிழில் தேடுசொல் என்று பெயர். கடைவீதியில் கீவேர்டு என்றுதான் சொல்கிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வெப்சைட் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு அடிக்கடி ஒரு போன் வரும்: “உங்க சைட்டுக்கு நூறு கீவேர்டு போட்டுத் தர்றோம் சார், முதல் பக்கத்துல வந்துடுவீங்க.” இந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்டியவர்கள் ஏராளம். கீவேர்டு என்பது கடைக்காரர் தன் பக்கத்தில் போட்டுவைக்கும் பொருளே இல்லை. அது வாடிக்கையாளரின் வாயில் இருப்பது. அவர் எந்தச் சொல்லால் கேட்கிறாரோ அந்தச் சொல்லும் கடைக்காரர் எழுதிவைத்த சொல்லும் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சந்திப்பு எப்படி நடக்கிறது என்பதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு அறிவியல் இருக்கிறது.

கூகுள் நாம் கேட்ட நொடியில் உலகத்து வெப்சைட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த வேலை முன்பே முடிந்திருக்கும். அதன் நிரல்கள் இரவு பகலாகப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே ஏற்பாடு. ‘விக்கிரவாண்டி மரச்செக்கு எண்ணெய்’ என்று ஒருவர் தேடினால், மூன்று சொல்லுக்கும் உரிய மூன்று பட்டியல்கள் எடுக்கப்படுகின்றன. மூன்றிலும் இருக்கும் பக்கங்கள் முதலில் கவனத்துக்கு வருகின்றன. பட்டியலில் இல்லாத பக்கத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பட்டியலில் ஆயிரம் பக்கங்கள் கிடைத்தால் எதை மேலே காட்டுவது? இங்கேதான் 1972-ஆம் ஆண்டு முக்கியமாகிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அந்த ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதை அவர் கணக்காக வடித்துக் கொடுத்தார். புரிவதற்காக எண்களை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 10 லட்சம் பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ‘எண்ணெய்’ என்ற சொல் 1 லட்சம் பக்கங்களில் வருகிறது. அதாவது பத்தில் ஒன்று. ‘மரச்செக்கு’ 10,000 பக்கங்களில், நூற்றில் ஒன்று. ‘விக்கிரவாண்டி’ 1,000 பக்கங்களில், ஆயிரத்தில் ஒன்று. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் மடக்கை முறையே 1, 2, 3. அந்த மடக்கைதான் சொல்லின் எடை. ஆக, எண்ணெயைவிட விக்கிரவாண்டிக்கு மூன்று மடங்கு எடை. இந்தக் கணக்கு பல மாற்றங்களோடு இன்றும் தேடல் தொழில்நுட்பத்தின் அடித்தளத்தில் இருக்கிறது.

வியாபாரிக்கு இதில் உடனடியாக ஒரு செய்தி உண்டு. பல கடைகளின் பக்கங்களைத் திறந்தால் ‘சிறந்த தரம், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்’ என்றுதான் இருக்கிறது. எல்லாருடைய பக்கத்திலும் இருக்கும் இந்தச் சொற்களுக்குத் தேடலில் எடையே இல்லை. ‘விக்கிரவாண்டி’, ‘முண்டியம்பாக்கம்’, ‘மரச்செக்கு’, ‘வாகை மரம்’, ‘5 லிட்டர் டின்’ போன்ற சொற்கள்தான் அந்தக் கடையை மற்றக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டும். பெருமை பேசும் சொற்களைக் குறைத்து, பொருளைச் சொல்லும் சொற்களைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் ‘விக்கிரவாண்டி’ என்று ஐம்பது முறை எழுதிவைத்தால் ஐம்பது மடங்கு பலன் வருமா? தொண்ணூறுகளில் பலர் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாமல் சொற்களைக் கொட்டிவைத்தவர்களும் உண்டு. ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடன் லண்டனில் பணியாற்றியவர்களும் 1994 வாக்கில் உருவாக்கிய பி.எம்.25 என்ற சூத்திரம் இதற்கு நேர்த்தியான பதிலைத் தருகிறது. வழக்கமான ஓர் அளவுருவை வைத்துக் கணக்கிட்டால், சராசரி நீளமுள்ள பக்கத்தில் ஒரு சொல் ஒருமுறை வந்தால் 1 மதிப்பெண். இரண்டு முறை வந்தால் 1.38. பத்து முறை வந்தால் 1.96. ஆயிரம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. போதாததற்கு, பக்கம் நீள நீள மதிப்பெண் குறையும். கூகுள் இன்னும் ஒரு படி போய், 2012-இல் பெங்குவின் என்ற திருத்தத்தின் வழியாக இப்படிச் சொற்களைத் திணிக்கும் பக்கங்களை இன்னும் கடுமையாகக் கீழே தள்ளியது.

போனில் விற்கப்படும் ‘நூறு கீவேர்டு’ பெரும்பாலும் எங்கே போய்ச் சேர்கிறது தெரியுமா? பக்கத்தின் மறைவான நிரலில் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்றொரு வரி உண்டு, அதில். தேடல் வரிசைக்கு அந்த வரியைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் அதற்காகச் சிறு கடைக்காரரிடம் பணம் வாங்குவது வருத்தத்துக்குரியது.

சொற்பொருத்தம் மட்டுமே எல்லாமும் அல்ல. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த லேரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்தை எத்தனை நல்ல பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அன்று தொடங்கிய அந்த வழி இன்று நூற்றுக்கணக்கான காரணிகளாகப் பெருகியிருக்கிறது. ஆனாலும் சொல்லோ அதன் பொருளோ பொருந்தாத பக்கம் வரிசையில் நிற்கவே வராது.

இனி மல்லாட்டைக்கு வருவோம். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயிக்கு அது மல்லாட்டை. கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், அது மணிலா. வேளாண் துறைத் துண்டறிக்கையில் நிலக்கடலை. சென்னை வீட்டில் வேர்க்கடலை. கோவைப் பக்கம் கடலைக்காய். யாழ்ப்பாணத்தில் கச்சான். ஆங்கிலத்தில் கிரவுண்ட்நட் என்றும் பீநட் என்றும் இரண்டு. விக்கிரவாண்டிப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர் தன் பக்கத்தில் ‘எங்கள் ஊர் மல்லாட்டையில் ஆட்டிய சுத்தமான எண்ணெய்’ என்று மட்டும் எழுதினால், உள்ளூர்க்காரருக்கு மனம் நிறையும். ஆனால் எண்ணெய் வாங்கப் போகும் சென்னைக்காரர் ‘மரச்செக்கு கடலை எண்ணெய்’ என்று தேடுவார். அவர் மகள் ‘வுட் பிரஸ்டு கிரவுண்ட்நட் ஆயில்’ என்று ஆங்கிலத்தில் தேடுவாள். பெயரைக் கேள்விப்பட்ட வேறொருவர் ‘செக்கு ஆயில்’ என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். சரக்கு ஒன்றே, அதைக் கேட்கும் வழி ஆறேழு. எந்தச் சொல் இலக்கணப்படி சரி என்பது இங்கே கேள்வியே இல்லை. பணம் கொடுத்து வாங்குகிறவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதே கேள்வி.

ஒரே சொல் பல பொருளைக் குறித்தாலும் சிக்கல்தான். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்கள் ஊரின் பெயரையே சுமந்து டி.எம்.வி. என்று அழைக்கப்படுகின்றன. 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு. ஆனால் உலகத்து உயிரியல் மாணவர்களுக்கு டி.எம்.வி. என்றால் புகையிலைத் தேமல் வைரஸ், மனிதர் முதன்முதலில் கண்டுகொண்ட வைரஸ். ரயில் பயணிக்கு அது திண்டிவனம் ஸ்டேஷனின் குறியீடு. ஆகவே விதை விற்கும் திண்டிவனத்துக் கடைக்காரர் ‘டி.எம்.வி. கிடைக்கும்’ என்று எழுதினால் இயந்திரம் திகைக்கும். ‘டி.எம்.வி. 13 நிலக்கடலை விதை, திண்டிவனம்’ என்று எழுதினால் வைரஸும் ரயிலும் விலகி நிற்கும். பக்கத்தில் நிற்கும் சொற்களைக் கொண்டு ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் திறனை கூகுள் 2019-இல் பெர்ட் என்ற மொழி மாதிரியின் மூலம் பெரிதும் கூட்டிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது வந்தது. அந்தத் திறன் வேலை செய்யவும் பக்கத்தில் நாலு சொல் நிற்க வேண்டுமே!

தமிழின் இன்னொரு இயல்பு வேற்றுமை உருபுகள். விழுப்புரம், விழுப்புரத்தில், விழுப்புரத்திலிருந்து, விழுப்புரத்துக்கு, விழுப்புரத்தைச் சேர்ந்த. மனிதருக்கு இவை ஒரே ஊர். இயந்திரத்துக்கு இவை தொடக்கத்தில் ஐந்து வெவ்வேறு எழுத்து வரிசைகள். ‘ம்’ மறைந்து ‘த்து’ வருவதால் சொல்லின் கடைசியை வெட்டி வேரைக் கண்டுபிடிப்பது ஆங்கிலத்தைப்போல எளிதல்ல. கூகுள் இதில் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆயினும் பக்கத்தின் தலைப்பிலாவது ஊர்ப் பெயரை உருபு சேர்க்காமல் ஒருமுறை முழுசாக எழுதிவிடுவது நல்லது. ‘விழுப்புரத்தின் நம்பர் ஒன் கடை’ என்பதைவிட ‘மரச்செக்கு எண்ணெய், விழுப்புரம்’ பயன்படும்.

எழுத்துருதான் பலர் கவனிக்காத பெரிய ஓட்டை. டி.டி.பி. கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் நோட்டீஸ் அடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவதன் உள்ளே என்ன இருக்கிறது? எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் அம்மா காணாமல் போய்விடுவார். அந்த நோட்டீஸிலிருந்து எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் தேடுபொறியின் பட்டியலில் ஏறுவது இந்தக் குறிகள்தான், தமிழ் அல்ல. தமிழுக்கென்று யூனிகோடில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதில் தட்டிய எழுத்தே தேடலில் எழுத்தாக நிற்கும்.

யூனிகோடிலும் கைதவறும். ‘கா’வில் வரும் துணைக்காலும் ‘ர’ எழுத்தும் சில எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். ‘கௌரி’யின் ‘கௌ’வை ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்துத் தட்டிவிடுவதும் நடக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இயந்திரத்துக்கு அது வேறு சொல். இன்னும் மோசம், விலைப்பட்டியலை ஒரு படமாக எடுத்துப் போட்டு, கீழே ஒரு வரிகூட எழுதாமல் விடுவது. அந்தப் பக்கம் வாசகருக்கு நிறைந்திருக்கும், தேடுபொறிக்குக் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும்.

ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. விழுப்புரத்துக்கு எல் ஒன்றா இரண்டா, பி ஒன்றா இரண்டா? விக்கிரவாண்டிக்கு கே எத்தனை, நடுவில் ஐ வேண்டுமா? திண்டிவனத்துக்கு முதலில் டி மட்டும் போதுமா, எச் சேர்க்க வேண்டுமா? 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, விமர்சனம் எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நல்லவேளையாக, இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. தேடல்களில் பத்தில் ஒன்று எழுத்துப்பிழையோடு வருகிறது என்று கூகுளே சொல்லியிருக்கிறது, அதைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் வைத்திருக்கிறது. பிழையான கூட்டல்களையெல்லாம் பக்கத்தில் வரிசையாக எழுதிவைக்க வேண்டாம். ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் பயன்படுத்தும் கூட்டல் ஒன்று, தமிழ் எழுத்தில் ஒன்று, போதும்.

தேடுசொல்லை எண்ணிக்கையால் அளப்பதும் தவறாக முடியும். 2024-ஆம் ஆண்டு விக்கிரவாண்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. ஜூலை 10-இல் சட்டமன்ற இடைத்தேர்தல். அக்டோபர் 27-இல் அருகிலுள்ள வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் இறுதியில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின. அந்த நாள்களில் ‘விக்கிரவாண்டி’ என்று தேடியவர்களுக்கு முறையே தேர்தல் முடிவும், மாநாட்டுச் செய்தியும், ரயில் ஓடுமா என்ற விவரமும்தான் வேண்டியிருந்தன. ஊர்ப் பெயருக்குத் தேடல் கூடியிருக்கிறதே என்று அந்த ஒற்றைச் சொல்லுக்கு விளம்பரம் கொடுத்த கடைக்காரர் இருந்தால், அவர் பணம் வீணாகியிருக்கும்.

ஆண்ட்ரே புரோடர் என்ற கணினி அறிஞர் 2002-இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு குறிப்பிட்ட வெப்சைட்டுக்குப் போய்ச்சேரத் தேடுவது, ஒரு தகவலை அறியத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. செக்கு முதலாளியின் கண்ணால் இதைப் பார்க்கலாம். ‘மல்லாட்டை விலை இன்று’ என்று தேடுகிறவர் விவசாயி அல்லது வியாபாரி. விலை தெரிந்ததும் போய்விடுவார். ‘கடலை எண்ணெய் உடம்புக்கு நல்லதா’ என்பவர் இன்னும் யோசனையில் இருக்கிறார். ‘மரச்செக்கு மெஷின் விலை’ என்பவர் நாளைக்குப் போட்டிக் கடை திறக்கப்போகிறவர். ‘மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர் விழுப்புரம்’ என்பவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தக் கடைசி வகைத் தேடல் மாதத்துக்குச் சிலவாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் கடைக்குச் சோறு போடுவது அந்தச் சில தேடல்கள்தான். கூகுளுக்கு ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் யாருமே தேடாதவை என்று அந்த நிறுவனமே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே நீண்ட, அபூர்வமான தேடல்கள் விதிவிலக்கல்ல.

நெடுஞ்சாலைக் கடைகளுக்கு வெப்சைட்டைவிட வரைபடம் முக்கியம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவுசெய்வது இலவசம். ‘பக்கத்தில்’ என்று தேடும்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுள் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது: தேடலோடு கடைக்குள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம். பஞ்சர் ஒட்டுகிற கடையை ‘ஆட்டோமொபைல்’ என்ற பொதுவான பிரிவில் பதிந்துவிட்டால், நள்ளிரவில் டயர் வெடித்து நிற்கும் லாரி டிரைவரின் போனில் அது வராமல் போகலாம். ‘டயர் கடை’ என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று குறித்து, டியூப்லெஸ் பஞ்சர், லாரி டயர், காற்று என்று சேவைகளைத் தனித்தனியே எழுதினால் வரும். கடைப் பெயரோடு ‘விக்கிரவாண்டி பெஸ்ட் பஞ்சர் ஷாப்’ என்று ஒட்டவைப்பது மட்டும் கூடாது. போர்டில் இருக்கும் பெயரே பதிவிலும் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. மீறினால் பதிவே முடக்கப்படலாம்.

முண்டியம்பாக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 2010-இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. போர்டில் விழுப்புரம் என்று இருந்தாலும் சுற்றுவட்டார மக்கள் வாயில் அது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. அதைச் சுற்றி ரூம் வாடகைக்கு விடுபவர்கள், மெஸ் நடத்துபவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் தங்கள் பதிவில் அரசுப் பெயரை மட்டும் எழுதினால் திண்டிவனத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் நோயாளியோடு வருகிறவரின் சொல்லை விட்டுவிடுகிறார்கள். பேச்சுப் பெயரை மட்டும் எழுதினால் வெளியூரிலிருந்து கவுன்சிலிங்கில் இடம் கிடைத்து வரும் மாணவரின் பெற்றோரை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் இயல்பாக வரலாம்: ‘அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரிக்கு, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு, நடந்துபோகும் தூரத்தில்.’

தேடுசொல் ஏலத்துக்கும் வருகிறது. சொல்லை ஏலம் விடும் முறையை 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் தன் கோடூ நிறுவனத்தில் தொடங்கினார். 2000-இல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பரம் விற்க ஆரம்பித்த கூகுளும் 2002-இல் ஏல முறைக்கு வந்தது. சொல்லுக்கு யார் அதிகம் தருகிறார் என்பதோடு, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் சேர்த்து இடம் முடிவாகிறது. தமிழில் விளம்பரம் செய்யும் வசதி 2018-இல் வந்தது. சிறு வியாபாரிகள் இதில் பணம் இழப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வேண்டாத சொற்களை விலக்கச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அரிசி ஆலைக்கு விளம்பரம் கொடுக்கும்போது ‘வேலை’, ‘மெஷின்’, ‘இலவசம்’ ஆகியவற்றை விலக்கு பட்டியலில் சேர்த்து, சுற்றளவை நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் வைத்தால், ஆலையில் வேலை தேடுபவரின் கிளிக்குக்குக் காசு கொடுக்க வேண்டியிராது.

சொல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. பாரத் மேட்ரிமோனி என்ற வரன் தேடும் தளத்தை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகக்குறியீடுகளான தமிழ் மேட்ரிமோனி போன்ற பெயர்களைப் போட்டியாளர்கள் கூகுள் விளம்பரத்தில் தேடுசொல்லாக வாங்குவதைத் தடுக்கக் கோரி கூகுள் மீதும் அவர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை சேவையை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான இழை. 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, வணிகக்குறியீட்டைத் தேடுசொல்லாக விற்பதும் சட்டப்படி ‘பயன்பாடு’தான், கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, ஆனால் வாடிக்கையாளர் குழம்பினால்தான் அது உரிமை மீறலாகும் என்றது. கடைக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘விழுப்புரம் மரச்செக்கு’ என்று பெயர் வைத்தால் தேடலில் எளிதாக மாட்டும், ஆனால் அந்தப் பெயரை அடுத்தவர் பயன்படுத்தாமல் தடுப்பது கடினம். தனித்த பெயரைக் காக்கலாம், ஆனால் அதை மக்கள் தேடும் அளவுக்கு வளர்க்க ஆண்டுகள் ஆகும். ஊரையும் பொருளையும் சொல்லும் துணைத் தலைப்போடு தனித்த பெயர் ஒன்று வைப்பதே விவேகமான வழி.

வாடிக்கையாளரின் சொல்லைத் தெரிந்துகொள்வது எப்படி? வெப்சைட் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகக் காட்டும். எந்தச் சொல்லுக்குப் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனாவது இடத்தில் இருந்தது என்ற விவரம் 16 மாதத்துக்கு அதில் இருக்கும். ‘வேர்க்கடலை எண்ணெய் விழுப்புரம்’ என்ற தேடலுக்கு 200 முறை காட்டப்பட்டு 2 பேர் மட்டும் தொட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் மேலேதான் இருக்கிறது என்றால், தலைப்பில் வேறு சொல் இருந்து, ‘இது நமக்கில்லை’ என்று மக்கள் தாண்டிப் போயிருக்கலாம். இருபதாவது இடத்தில் இருக்கிறது என்றால் யாரும் அதுவரை இறங்கவில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு மருந்து. மேப்பில் மட்டும் இருக்கும் கடைக்கும் இதுபோன்ற சிறு பட்டியல் கடைப் பதிவின் செயல்திறன் பக்கத்தில் கிடைக்கும். வெறுமனே தேடல் பெட்டியில் ‘மரச்செக்கு’ என்று எழுதி நிறுத்தினாலே, மற்றவர்கள் அதன் பின் என்ன சேர்த்துத் தேடுகிறார்கள் என்பது கீழே பரிந்துரையாக விரியும்.

இந்தக் கருவிகளைவிடப் பழைய ஒரு வழி உண்டு. கடைக்கு வரும் போன். “அண்ணே, ஆட்டின எண்ணெய் இருக்கா?”, “அக்கா, ஆஸ்பத்திரி பக்கத்துல ரெண்டு நாளைக்கு ரூம் கிடைக்குமா?”, “டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?” என்று கேட்பவரின் சொற்களை அப்படியே பில் புத்தகத்தின் பின்னால் ஒரு மாதம் எழுதிவைத்தால், எந்த விளம்பர நிறுவனமும் தர முடியாத தேடுசொல் பட்டியல் கையில் இருக்கும். 2017 ஆகஸ்டில் தமிழில் பேசித் தேடும் வசதியை கூகுள் சேர்த்த பிறகு, போனில் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விக்கும் போனிடம் கேட்கும் கேள்விக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. அதே ஆண்டில் கே.பி.எம்.ஜி.யும் கூகுளும் வெளியிட்ட ஆய்வு, இந்திய மொழிகளில் இணையப் பயன்பாட்டு விகிதம் அதிகமாக இருப்பது தமிழில்தான், 42 விழுக்காடு என்று கண்டது. இருந்தும் சிறு நகரங்களில் கடைகளின் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. தமிழில் தேடுகிறவருக்குக் கிடைப்பது குறைவு. தமிழில் இரண்டு பத்தி ஒழுங்காக எழுதிவைக்கும் கடைக்காரருக்குப் போட்டியும் குறைவு.

செக்கு முதலாளியின் பக்கம் இப்படித் தொடங்கலாம்: ‘மரச்செக்கு கடலை எண்ணெய், விக்கிரவாண்டி.’ அடுத்த வரியில், ‘மல்லாட்டை என்றும் மணிலா என்றும் எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை வாகை மரச்செக்கில் ஆட்டித் தருகிறோம்.’ பிறகு 1 லிட்டர், 5 லிட்டர், 15 லிட்டர் டின் விலைகள், படமாக அல்லாமல் எழுத்தாக. டோல்கேட்டிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், வண்டி நிறுத்த இடம் உண்டா, ஞாயிறு திறந்திருக்குமா. சொந்தமாகக் கடலை கொண்டுவந்தால் ஆட்டித் தருவீர்களா என்ற கேள்வியும் அதன் பதிலும். கீழே ஆங்கிலத்தில் இதே விவரம் ஒரு பத்தி. பக்கத்தை இப்படித் திருத்திய பிறகு சர்ச் கன்சோலில் அதன் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் ஏறச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும் என்று கூகுள் சொல்கிறது. அதுவரை தினம் மூன்று முறை தன் கடையைத் தானே தேடிப் பார்க்க வேண்டியதில்லை.